பணம் போடாமல் கட்டிய நகரம்: துருக்கி அடுக்குமாடிகளின் உள்கணக்கு

துருக்கி நகரங்களில் ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்பதைப் பார்த்தால், அரசாங்கமோ ஏதாவது பெரிய வங்கியோ பணத்தைக் கொட்டிக் கட்டியிருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் மொத்தமாகப் பணம் போடவே இல்லை. மனைக்காரர் மனையைக் கொடுத்தார். பில்டர் அதில் கட்டும் ஃபிளாட்டுகளில் ஏறத்தாழ பாதியை அவருக்கு எழுதிக் கொடுத்தார். மீதியை அஸ்திவாரம் தோண்டும்போதே விற்று, அந்த முன்பணத்தில் கம்பியும் சிமெண்டும் வாங்கினார். மனைக்கு விலை ஃபிளாட், வேலைக்குக் கூலியும் ஃபிளாட். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால்தான் அந்த நாட்டு வீடுகள் ஏன் அப்படி இருக்கின்றன, நிலநடுக்கத்தில் ஏன் அப்படிச் சரிகின்றன, இப்போது இடித்துக் கட்டுவது ஏன் இவ்வளவு இழுபறியாகிறது என்பதெல்லாம் புரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு முதலில் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. 1926இல் சுவிட்சர்லாந்து சட்டத்தைத் தழுவி எழுதிய உரிமையியல் சட்டத்தில், மாடிக்கு மாடி தனி உடைமை என்பதற்கு இடமில்லை. மனை யாருடையதோ, கட்டடமும் அவருடையதே. 1950களில் கிராமங்களிலிருந்து ஜனங்கள் நகரத்துக்கு வரத் தொடங்கியதும் மனை விலை ஏறியது. தனி மனை வாங்கி வீடு கட்டுவது நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாமல் போனது. 1954இல் நிலப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி ஒரு சந்து திறந்தார்கள். 1965இல் வந்த 634ஆம் எண் மாடி உடைமைச் சட்டம் அதை நெடுஞ்சாலை ஆக்கியது. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனிப் பத்திரம், பத்திரத்தோடு மனையில் பிரிக்கப்படாத பங்கு. நம் ஊரில் யூடிஎஸ் என்கிறோமே, அதே சங்கதி.

வீட்டுக்கடன் பெரிதாகப் புழங்கத் தொடங்கியது 2000களில்தான். அதுவரை வாங்குபவர் பில்டரிடம் மாதாமாதம் தேதி போட்ட புரோநோட்டுகளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1990களில் விலைவாசி ஆண்டுக்கு 60 முதல் 100 சதவீதம் வரை ஏறிக்கொண்டிருந்தபோது, லிராவைக் கையில் வைத்திருப்பதைவிட அரைகுறைக் கான்கிரீட் கூட்டில் போடுவது புத்திசாலித்தனம். எஞ்சினியர் படிப்போ சொந்த முதலோ இல்லாத மளிகைக்கடைக்காரரும் லாரி முதலாளியும்கூட பில்டர் ஆனது இப்படித்தான்.

இன்னொரு பக்கம், நகர ஓரத்து அரசு நிலத்தில் இராப்பொழுதில் எழுந்த கெஜெகொண்டு வீடுகள். 1966இன் 775ஆம் எண் சட்டம் அவற்றைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. கட்டாதே என்றும் சொன்னது. 1984இன் 2981ஆம் எண் சட்டம் ஒரு படி மேலே போனது. குடியிருப்பவருக்கு ஒதுக்கீட்டுச் சான்று தந்து, அந்தப் பகுதிகளுக்குச் சீரமைப்பு வரைபடம் போட்டு, அடுக்குமாடி கட்ட அனுமதித்தது. உடனே அதே பில்டர் அங்கேயும் வந்தார். கோழியும் தக்காளிச் செடியும் வளர்ந்த ஒற்றைமாடி வீட்டுக்காரருக்கு இரண்டு, மூன்று ஃபிளாட் கிடைத்தது: ஒன்றில் தான் குடியிருக்க, ஒன்று மகனுக்கு, ஒன்று வாடகைக்கு. 1950இல் சுமார் 10 லட்சம் பேர் இருந்த இஸ்தான்புல் இன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது. அந்த ஜனங்களுக்குக் கூரை கொடுத்ததில் அரசின் பங்கைவிட இந்தக் குட்டி பில்டர்களின் பங்கே பெரிது. அவர்களைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எல்லாரும் சதுர மீட்டரில் கூலி வாங்கும் பேரத்தில், சதுர மீட்டர் ஆகாத எதற்கும் மதிப்பில்லை. தூண் தடிமனானால் அறை சுருங்கும். அதனால் தூணைச் சுவருக்குள் மறைத்தார்கள்: 20, 25 செண்டிமீட்டர் அகலம், 60 நீளம். அதுவும் பெரும்பாலும் எல்லாத் தூண்களும் ஒரே திசை பார்த்தபடி. அந்தத் திசையில் கட்டடம் விறைப்பாக நிற்கும். குறுக்கே ஆட்டினால் துவளும். 2018இன் நிலநடுக்க விதிமுறை தூணின் குறைந்த பட்சப் பக்கத்தை 30 செண்டிமீட்டர் ஆக்கியது. அதற்கு முன் 25.

அடுத்தது மாடி நீட்டல். தரைத்தளம் மனையில் எவ்வளவு இடத்தை அடைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஆனால் முதல் மாடியிலிருந்து தெருப்பக்கம் ஒன்றரை மீட்டர்வரை நீட்டிக்கொள்ளலாம். எல்லாரும் நீட்டினார்கள். வரவேற்பறை பெரிதானது, ஆனால் வெளிச்சுவரும் அதைத் தாங்கும் பீமும் முன்னே போய்விட, தூண் பின்னால் தரைத்தளக் கோட்டிலேயே நின்றுவிட்டது. தூணும் பீமும் கைகோத்துச் சட்டமாக நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் கைப்பிடி விட்டுப்போனது. போதாததற்குத் தரைத்தளம் கடைக்கு. மேல்மாடிகள் மூன்று மீட்டருக்கும் குறைவான உயரம். கடைத்தளமோ நான்கு மீட்டர், செங்கல் சுவருக்குப் பதில் கண்ணாடி. மேலே சுவர்கள் தரும் முட்டு கீழே இல்லாததால், அதிர்வு முழுவதும் அந்த ஒரு தளத்தின் தூண்களில் இறங்குகிறது. வாடகைக்கு வந்த கடைக்காரர் ஷோரூம் மறைக்கிறது என்று ஒரு தூணை வெட்டிய கதைகள் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும் நீதிமன்றத்துக்கு வருகின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்பது இன்னும் மோசம். ரெடிமிக்ஸ் பரவலாவதற்கு முன், அதாவது 1990களின் கடைசிவரை, கான்கிரீட்டைத் தளத்திலேயே மண்வெட்டியால் கலந்தார்கள். ஆற்றுமணலும் கூழாங்கல்லும் சலிக்காமல் விழுந்தன. கடலோர ஊர்களில் கழுவாத கடல்மணலும் சேர்ந்தது. குழைவாக ஓட வேண்டும் என்று குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வரைபடத்தில் கான்கிரீட்டின் வலு (நசுங்காமல் தாங்கும் அழுத்தம்) 16 மெகாபாஸ்கல் என்று எழுதியிருக்கும். பழைய கட்டடங்களில் துளைபோட்டு எடுத்த மாதிரியை அழுத்திப் பார்த்தால் 8, 10 என்று வருவது சாதாரணம். இன்றைய விதியில் குறைந்த பட்சமே 25. கம்பியும் மேலே வரிவரியான மேடு இல்லாத மழமழப்பான ரகம். அதிர்வில் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு தூணைக் கிட்டத்தில் பார்க்கலாம். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்தான் தூண் பிதுங்காமல் காக்கிறது. தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங்குகள் அதிகபட்சம் 10 செண்டிமீட்டருக்கு ஒன்று வர வேண்டும். ரிங்கின் இரு முனைகளையும் 135 டிகிரி மடக்கித் தூணின் வயிற்றுக்குள் திணிக்க வேண்டும். கம்பி கட்டுபவருக்கு அது தொல்லை. 90 டிகிரி மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இடைவெளியும் 25, 30 செண்டிமீட்டர் ஆகிவிடும். அதிர்வில் வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கி விரிந்து திறந்துகொள்கிறது. ரிங் போனால் நெடுக்குக் கம்பி வில்லாக வளைகிறது, தூண் நொறுங்குகிறது, மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக உட்காருகின்றன. 135 டிகிரி விதி 1975ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருந்தது. கான்கிரீட் போட்ட பிறகு கொக்கி வெளியே தெரியாது. வாங்குபவர் பார்ப்பது சமையலறை டைல்ஸை.

1999 ஆகஸ்ட் 17 அதிகாலை 3:02க்கு கோல்ஜுக் அருகே வந்த நிலநடுக்கத்தில் 17,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். நடுமையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த இஸ்தான்புல்லின் அவ்ஜலார் பகுதியில்கூடக் கட்டடங்கள் விழுந்தன. அதன்பிறகு கட்டாய நிலநடுக்கக் காப்பீடும், 2001இல் கட்டட ஆய்வுச் சட்டமும் வந்தன. ஆய்வுச் சட்டம் முதலில் 19 மாகாணங்களில் மட்டும். 81க்கும் விரிந்தது 2011இல். அதிலும் ஓட்டை. ஆய்வு நிறுவனத்தை மனைக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் ஃபிளாட்டுக்கு மனை பேரத்தில் மனைக்காரர் பேசாமல் பில்டரிடம் விட்டுவிடுவார்; கூலி கொடுப்பவரே தன்னைச் சோதிப்பவரைத் தேர்ந்தெடுத்தார். கணினிக் குலுக்கலில் ஆய்வு நிறுவனத்தை ஒதுக்கும் முறை 2019 ஜனவரியில்தான் தொடங்கியது. இதற்கு நடுவே 2018இல் கட்டட சமரசம் என்ற பெயரில் ஒரு பொதுமன்னிப்பு: 2017 முடியக் கட்டிய விதிமீறல்களுக்கு, வீடானால் மதிப்பில் 3 சதவீதம் கட்டினால் பதிவுச் சான்று. விண்ணப்பம் சுய அறிவிப்பு. பொறியாளர் வந்து பார்க்க வேண்டியதில்லை. நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பது உடைமையாளர் பொறுப்பு என்று சட்டமே கைகழுவியது. 2019 பிப்ரவரியில் இஸ்தான்புல்லின் கார்தாலில், அனுமதியில்லாத மூன்று மாடிகளைச் சுமந்த கட்டடம் எந்த அதிர்வும் இல்லாமல் சரிந்து 21 பேர் இறந்தார்கள். சரியாக நான்கு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரி 6இல் தென்கிழக்கு மாகாணங்களில் இறந்தவர்கள் 53,000க்கும் மேல். அதில் பழைய கட்டடங்கள் மட்டுமல்ல, பத்து வயதுகூட நிரம்பாத ஆடம்பரக் குடியிருப்புகளும் விழுந்தன.

சரி, இந்தக் கூட்டுக்குள் வாழ்க்கை எப்படி மாறியது? அதைச் சொல்ல வேண்டுமானால் அடுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

துருக்கியில் வீட்டை 2+1, 3+1 என்று சொல்வார்கள். முதல் எண் அறைகள், பின்னால் வரும் ஒன்று சலோன் எனும் பெரிய கூடம். பழைய குடும்பங்களில் சலோன் விருந்தாளிக்கு. தெருவைப் பார்த்த, வீட்டிலேயே பெரிய, வெளிச்சமான அறை அதுதான். கண்ணாடி அலமாரியில் காபிக் கோப்பைகள், சோபாவுக்கு உறை, கதவு மூடியே இருக்கும். குடும்பம் முழுவதும் பின்பக்கச் சின்ன உட்காரும் அறையில் நெருக்கியடித்துக் கிடக்கும். இதைப் பகட்டு என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சின்ன அறையில்தான் நிலக்கரி அடுப்பு இருந்தது. ஒரு சோபா அடுப்பு (துருக்கியில் சோபா என்றால் உட்காரும் இருக்கை அல்ல, தகரக் கணப்பு) ஒரு அறையைத்தான் சூடாக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை தாத்தா, பாட்டி, பாடம் படிக்கும் பிள்ளை, காயும் துணி, தேநீர்க் கெண்டி எல்லாம் அந்த ஒரு அறைக்குள்தான். மர்மரா பகுதியில் லோதோஸ் எனும் தெற்குக் காற்று அடித்தால் புகைபோக்கி இழுக்காது. கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். தூக்கத்திலேயே குடும்பங்கள் இறந்த செய்திகள் குளிர்காலந்தோறும் வரும்.

எரிவாயு இதை மாற்றியது. சோவியத் குழாய்வழி எரிவாயு, நிலக்கரிப் புகையில் மூச்சுத்திணறிய அங்காராவுக்கு 1988இல் வந்தது, இஸ்தான்புல்லுக்கு 1992இல். சமையலறைச் சுவரிலோ மூடிய பால்கனியிலோ தொங்கும் கொம்பி எனும் சின்னப் பாய்லர், பெரும்பாலும் 24 கிலோவாட், எல்லா அறையின் ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர் அனுப்புகிறது. வீடு முழுவதும் ஒரே சூடு. பிள்ளைகள் தங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. சலோனைத் திறந்து தினமும் உட்கார முடிந்தது. தனியறை, தனிமை என்பதையெல்லாம் மேற்கத்திய மோகம் என்று கட்டுரை எழுதுபவர்கள் இந்தப் பாய்லரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கொம்பிக்கும் அதன் சச்சரவுகள் உண்டு. நீரழுத்தம் ஒன்றிலிருந்து ஒன்றரை பார் இருக்க வேண்டும், குறைந்தால் நின்றுவிடும். இலையுதிர் காலத்தில் ரேடியேட்டரின் மேல் மூலைத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றாவிட்டால் மேல்பாதி குளிர்ந்தே கிடக்கும். நடுமாடிக்காரர் மேலும் கீழும் உள்ளவர் சூட்டில் காய்ந்துகொண்டு தன் கொம்பியை அணைத்து வைப்பார். மேல்மாடி மூலை வீட்டுக்காரர் இரட்டிப்புக் கட்டணம் கட்டுவார். பொதுப் பாய்லர் உள்ள கட்டடங்களில் ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் அளவி வைத்து, செலவில் 70 சதவீதத்தைப் பயன்பாட்டின்படியும் 30 சதவீதத்தைப் பரப்பளவின்படியும் பிரிப்பது இந்தச் சண்டைக்காகத்தான். கட்டணம் குறையட்டும் என்று வெளிச்சுவர் முழுவதும் 5 செண்டிமீட்டர் தெர்மகோல் பலகை ஒட்டிப் பூசுவது 2008க்குப் பின் பெருகியது. சூடு நிற்கிறது, உண்மை. ஆனால் புதுப் பெயிண்ட் மினுமினுப்பில் தூணின் விரிசலும் துருக்கசிவும் மறைந்துபோகின்றன, விலையும் ஏறுகிறது. ஒரு பழைய கட்டடத்தை வாங்குபவர் முகப்பைப் பார்க்காமல் தரைக்குக் கீழே உள்ள அடித்தளத்துக்கு இறங்கிப் பார்ப்பது நல்லது.

அந்த அடித்தளத்தில்தான் கப்பிஜி எனும் கட்டடக் காவலாளியின் குடும்பம் இருந்தது. பாய்லருக்கு நிலக்கரி போடுவது, காலையில் ஒவ்வொரு கதவிலும் ரொட்டி மாட்டுவது, மாலையில் குப்பை எடுப்பது, படி கழுவுவது என்று கட்டடத்தின் எல்லா வேலையும் அவருடையது. மனைவி மேல்மாடிகளில் வீட்டுவேலை செய்வார். கூலியோடு, ஈரம் கசியும் ஒரு வீடு இலவசம். எரிவாயு வந்ததும் முதல் வேலை போனது. சூப்பர்மார்க்கெட்டும் மொபைல் ஆர்டரும் ரொட்டியை எடுத்துக்கொண்டன. இப்போது வாரம் இருமுறை துப்புரவு நிறுவன ஆள் வருகிறார். கப்பிஜி வீடு வாடகைக்குப் போய், அந்தப் பணம் மெயின்டெனன்ஸ் கணக்கில் சேர்கிறது. வாயிற்காவலும் கேமராவும் உள்ள வளாகங்களில் அதே மனிதர்களின் பிள்ளைகள் செக்யூரிட்டி சீருடையில் நிற்கிறார்கள்.

குடும்பமும் சுருங்கியது. 2008இல் ஒரு வீட்டில் சராசரி 4 பேர், 2023இல் 3.14. ஐந்தில் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும். புது ஃபிளாட்டுகள் 1+1, 2+1 என்று சிறுத்ததற்கு இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, பழைய பில்டர் கணக்கு.

ஆபத்தான கட்டடங்களை இடித்துக் கட்ட 2012இல் 6306ஆம் எண் சட்டம் வந்தது. ஒரே ஒரு ஃபிளாட்காரர் விண்ணப்பித்தால் போதும்: உரிமம் பெற்ற நிறுவனம் வந்து தூண்களில் துளையிட்டு மாதிரி எடுக்கும், சில இடங்களில் பூச்சை உடைத்துக் கம்பியைப் பார்க்கும், மீதியைக் கருவியால் வருடும். ஆபத்து என்று அறிக்கை உறுதியானால் எல்லாப் பத்திரங்களிலும் குறிப்பு ஏறும். ஆட்சேபிக்க 15 நாள். பிறகு காலி செய்து இடிக்க வேண்டும். என்ன கட்டுவது, யாரிடம் கொடுப்பது என்பதற்கு மனைப் பங்கில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் அதைப் பாதிக்கு மேல் என்று குறைத்தார்கள். சம்மதிக்காதவரின் பங்கு மற்றவர்களிடையே ஏலத்துக்குப் போகும். வாடகைக்குடியிருப்பவருக்கு இந்தக் கூட்டத்தில் குரலே இல்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 ஃபிளாட் உள்ள பழைய கட்டடம். புது விதியில் 20 கட்டலாம் என்றால் பில்டர் பத்தை எடுத்துக்கொண்டு பத்தை இலவசமாகத் தருவார். இஸ்தான்புல்லில் கடற்கரையை ஒட்டிய பாக்தாத் ஜாத்தேசி எனும் விலையுயர்ந்த தெருவில் அவ்வளவுகூட வேண்டாம்; நான்கைந்து ஃபிளாட் கூடினாலே அவற்றின் விலை எல்லாச் செலவையும் அடைத்துவிடும். அங்கே தெருத்தெருவாகப் புதுக் கட்டடம். ஆனால் பக்ஜிலார், எசென்லேர் மாதிரி நெருக்கமான, மலிவான பகுதிகளில் ஏற்கெனவே வரம்பை மீறித்தான் கட்டியிருக்கிறார்கள். சட்டப்படி இடித்துக் கட்டினால் ஃபிளாட் எண்ணிக்கை கூடாது, சில இடங்களில் குறையும். பில்டருக்குக் கொடுக்கச் சதுர மீட்டர் இல்லை. முதல்முறையாக ரொக்கம் கொடுக்க வேண்டும். ஆக, பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதை முடிவு செய்வது மண்ணின் நிலையோ தூணின் வலிமையோ அல்ல, மனை விலை. அதே இஸ்தான்புல்லின் ஃபிகிர்தெபேயில் மனைகளைத் தொகுத்துக் கொடுத்தால் கட்டுமானப் பரப்பு மனையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் என்று ஆசை காட்டினார்கள். இடித்தார்கள், பில்டர்கள் பலர் கடனில் மூழ்கினார்கள், பல ஆண்டுகள் குழிகளாகவே கிடந்து, கடைசியில் அரசு ஏற்றது.

அரசே கட்டும் வீடுகள் தனி ரகம். 1984இல் தொடங்கிய தோகி நிறுவனம், 2003க்குப் பிறகு வேகமெடுத்து 10 லட்சம் வீடுகளுக்கும் மேல் கட்டியிருக்கிறது. சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பில் ஊற்றும் எஃகு அச்சுமுறை; சுவர்களே கான்கிரீட் என்பதால் 2023இல் இவை பெரும்பாலும் நின்றன. அதே காரணத்தால் ஒரு சுவரையும் நகர்த்த முடியாது. எந்த ஊரானாலும் ஒரே வரைபடம். ஊருக்கு வெகுதூரம் என்பது இன்னொரு சங்கடம். இஸ்தான்புல்லின் சுலுகுலேயில் இடிக்கப்பட்ட வீடுகளின் ரோமா (ஜிப்சி) இனக் குடும்பங்களைச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளித் தாஷொலுக் பிளாக்குகளுக்கு அனுப்பியபோது, தவணை, எரிவாயு, மெயின்டெனன்ஸ் மூன்றையும் கட்ட முடியாமல் பெரும்பாலோர் பழைய பகுதிக்கே வாடகைக்குத் திரும்பினார்கள்.

இடிக்காமலே வலுப்படுத்தலாமே என்று கேட்கலாம். முடியும். தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் உறை போடுவது, அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை புதிய கான்கிரீட் சுவர்கள் எழுப்புவது இரண்டும் சோதித்துப் பார்த்த முறைகள். செலவு புதுக்கட்டடத்தில் 40 சதவீதத்தைத் தாண்டாதவரை லாபம் என்பது பொறியாளர்களிடையே புழங்கும் கணக்கு. ஆனால் அந்தச் சுவர் ஒவ்வொரு மாடியிலும் ஒரே இடத்தில்தான் ஏற வேண்டும். அது இடப்பக்க வீடுகளின் ஜன்னலை அடைக்கும், அல்லது வலப்பக்க வீடுகளின் சலோனை இரண்டாக்கும். யார் ஜன்னலை விடுவது என்று கூட்டம் ஐந்து முறை கூடும். எல்லாரும் சில மாதம் காலி செய்ய வேண்டும், ரொக்கம் போட வேண்டும். முடிந்த பிறகு கையில் இருப்பது அதே பழைய ஃபிளாட், நாலு சதுர மீட்டர் குறைவாக. சதுர மீட்டரையே பணமாக எண்ணிப் பழகிய ஊரில் இந்த வழிக்குக் கை தூக்குபவர்கள் குறைவு.